பழஞ்சுவர்களைச் சுத்தம் செய்யச் சொல்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பழைய கட்டிடங்களின் பராமரிப்பைக் கவனிக்கும் பொறியாளர்களுக்கும், அந்த வேலையை எடுத்துச் செய்யும் ஒப்பந்ததாரர்களுக்கும் வணக்கம்.

உங்கள் மதிப்பீடுகளில் ‘சுவரில் வளர்ந்துள்ள செடிகொடிகளை முழுவதுமாக அகற்றுதல்’ என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியைப் பற்றித்தான் எழுதுகிறேன். அரசங்கன்று, விரல்நீளப் பெரணி (ஆங்கிலத்தில் ஃபெர்ன்), பாசி எல்லாமே அதற்குள் அடங்கிவிடுகின்றன. மூன்றையும் ஒரே கணக்கில் சேர்ப்பதுதான் சிக்கல்.

அரசு, ஆல் விஷயத்தில் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை. பறவை எச்சத்தோடு விழுந்த விதை முளைத்து, வேர் பருத்தால் கல்லையே நெம்பித் தள்ளிவிடும். கன்றிலேயே எடுத்துவிடுங்கள். வெளியே தெரிவதை மட்டும் வெட்டினால் மறுபடி துளிர்க்கும் என்பதால் வேரோடு எடுக்க வேண்டும்.

பெரணி அந்த ரகமில்லை. அதன் வேர் மரத்தின் வேரைப்போல ஆண்டுக்காண்டு பருக்காது. ஏற்கெனவே இருக்கிற இண்டு இடுக்கில் மெல்லிய நாராக ஓடும், அவ்வளவுதான். பாசிக்கோ வேரே கிடையாது. பிடித்துக்கொள்ள மயிரிழை போன்ற வேரிகள் உண்டு, தண்ணீரை இலையாலேயே உறிஞ்சிக்கொள்ளும். (நான் சொல்வது மெத்தை மெத்தையாக நிற்கும் பாசியை. காலை வழுக்கிவிடும் பச்சைப் படலம் வேறு, அதைத் தேய்த்துக் கழுவுவதில் எனக்கு ஆட்சேபமில்லை.)

இவை ஏன் பழஞ்சுவரைத் தேடி வருகின்றன? சுண்ணாம்புக் கல்லைச் சுட்டு, நீற்றி, மணலோடு குழைத்துப் பூசிய காரை, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை மெல்ல மெல்ல வாங்கித் திரும்பவும் சுண்ணாம்புக் கல்லாகவே மாறுகிறது. ஆக, பெரணியைப் பொறுத்தவரை கற்களுக்கிடையே காரை போட்ட இணைப்பும் மலையிலுள்ள சுண்ணாம்புப் பாறை வெடிப்பும் ஒன்றுதான். ஐரோப்பாவில் ஆஸ்பிளீனியம் ரூட்டா-முராரியா என்ற சிறு பெரணி பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களில்தான் வளர்கிறது. நீர் கசியும் சுண்ணாம்புப் பாறையில் தொங்கும் அடியாண்டம் என்ற பெரணி, கறுத்துப் பளபளக்கும் கம்பிக் காம்போடு பழைய கிணற்றுச் சுவரிலும் தொங்கும். அதன் இலைமேல் தண்ணீர் தெளித்துப் பாருங்கள், ஒட்டாமல் உருண்டு ஓடிவிடும். வறண்ட இடுக்குகளில் மயில்சிகை என்ற பெரணி விசிறி விரித்து நிற்கும். வெயிலில் சுருண்டு செத்ததுபோல் கிடக்கும், மழை பட்டால் விரியும். காய்ந்த சருகு என்று துப்புரவு ஆட்கள் முதலில் பிடுங்குவது இதைத்தான். சுண்ணாம்புப் பாறையே இல்லாத ஊர்களில் சுண்ணாம்பை நாடும் இப்படிப்பட்ட செடிகளுக்குப் பழஞ்சுவர் ஒரு முக்கியமான போக்கிடம்.

இவற்றில் உங்கள் வேலைக்கு உதவும் தகவலும் இருக்கிறது. பெரணிக்கு விதை இல்லை. தூசி போன்ற ஸ்போர் இடுக்கில் விழுந்து, முதலில் நகத்தைவிடச் சிறிய இதய வடிவத் தகடாக வளரும். அந்தத் தகட்டில் ஆண் அணு நீர்ப்படலத்தில் நீந்திப்போய் முட்டையைச் சேர்ந்தால்தான் நாம் பார்க்கும் பெரணி முளைக்கும். அதாவது அந்த இடுக்கில் வாரக்கணக்காக ஈரம் நின்றிருக்கிறது. எனவே பிடுங்குவதற்கு முன் எந்த வடிவத்தில் வளர்ந்திருக்கிறது என்று பாருங்கள். மேலிருந்து கீழாக ஒரே பட்டையாகப் பாசி இறங்கினால், மேலே மழைநீர்க் குழாயோ தூம்போ ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். தரையை ஒட்டிக் கிடைமட்டமாக ஓடினால், மண்ணிலிருந்து ஈரம் ஏறுகிறது. இணைப்புகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பெரணி நின்றால் பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. ஒழுகலை விட்டுவிட்டுப் பாசியை மட்டும் சுரண்டினால், அடுத்த மழைக்காலத்தில் அதே பட்டை அதே இடத்தில் வந்து நிற்கும்.

நிஜமான சேதம் பல இடங்களில் சுத்தம் செய்யும்போதுதான் நடக்கிறது. ஆசிட் ஊற்றியதும் பொங்குகிறதே, அந்த நுரையில் போவது உங்கள் காரைதான். அமிலம் பட்ட சுண்ணாம்பு கரைந்து, அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடு வாயுவாக வெளியேறுகிறது. அதிக அழுத்தத்தில் தண்ணீர் பீய்ச்சினால் பாசியோடு இணைப்பும் அரித்துப் போகும். அப்புறம் அந்தப் பள்ளத்தைச் சிமெண்டால் அடைக்கிறார்கள். போர்ட்லாந்து சிமெண்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்றதே 1824-இல்தான். அதற்கு முந்தைய சுவர்கள் அந்தக் கெட்டிப் பூச்சுக்காகக் கட்டப்பட்டவை அல்ல. காரை வழியாக வெளியேறி உலர்ந்த ஈரம், சிமெண்ட் மறித்ததும் செங்கல் வழியாக வெளியேறும். வழியில் உப்பு படிந்து செங்கல் முகம் செதில் செதிலாக உதிரும். இதற்கும் கடைசியில் பெரணிமேல்தான் பழி!

எல்லா இடத்திலும் விட்டுவிடுங்கள் என்று சொல்ல வரவில்லை. கல்வெட்டு, சிற்பம், ஓவியம் உள்ள பரப்பில் பாசி ஈரத்தைப் பிடித்து வைப்பது கெடுதல்தான். அங்கே மெல்லிய தூரிகையும் பொறுமையும் உள்ளவர்கள் எடுக்கட்டும். இணைப்பு ஏற்கெனவே பொடியாக உதிர்கிற இடத்தில் பெரணியை எடுத்துவிட்டுச் சுண்ணாம்புக் காரையாலேயே பூசுங்கள். அதையும் முழுச்சுவருக்கும் ஒரே மூச்சில் செய்யாமல் பகுதி பகுதியாகச் செய்தால், பக்கத்துப் பகுதியிலிருந்து ஸ்போர் வந்து சேரும்.

நான் கேட்பது இதுதான். அடுத்த மதிப்பீட்டில் அந்த ஒரு வரியை மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்: மரக்கன்றுகளை வேரோடு எடுத்தல், ஈரம் வரும் வழியைக் கண்டுபிடித்து அடைத்தல், பெரணியும் பாசியும் எடுக்க வேண்டிய பரப்புகளை மட்டும் வரைபடத்தில் குறித்தல். ஆசிட் கூடாது என்பதை ஒப்பந்தத்திலேயே போட்டுவிடுங்கள். வேலை தொடங்கும் நாளில் ஆட்களைச் சுவரருகே அழைத்துப்போய், எது அரசங்கன்று, எது மயில்சிகை என்று ஒருமுறை காட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
சுவர்ச் செடிகளைக் கவனித்துவரும் ஒருவர்