ஆடி ராத்திரியில் பிரான்மலை

சிவமயம்

காரைக்குடி,
14.8.2024

அன்பு மகளுக்கு அப்பச்சி எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். ஆத்தாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. போனில் சொன்னால் வேலைக்கு நடுவே "சரி அப்பச்சி" என்று கேட்டுக்கொள்வாய். இதை நீ உட்கார்ந்து படிக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

திங்கள் ராத்திரி எரிகல் மழை பார்க்க உன் தம்பியோடு பிரான்மலைக்குப் போயிருந்தேன். திருப்பத்தூர், சிங்கம்புணரி தாண்டி, பாரி ஆண்ட அதே பறம்புமலை. ஊர்க்காரர்களிடம் சொல்லிவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே பாதி மலை ஏறி ஒரு அகலப் பாறையில் ஜமுக்காளம் விரித்தோம். கட்டுச்சோறும் ஒரு டப்பா சீப்புச்சீடையும் ஆத்தா கொடுத்தனுப்பியது.

ஆடி மாதம் அல்லவா, பத்து மணி வரை ஒரே மேகம். காற்று வேறு ஆளைத் தள்ளியது. தம்பி இறங்கிவிடலாம் என்றான். எனக்கு மனசில்லை. பன்னிரண்டு மணிவாக்கில் பாதி நிலா மேற்கே இறங்கியது, மேகமும் விலகியது. அப்புறம் தெரிந்த வானத்தை நம் வீட்டு மொட்டை மாடியில் நான் பார்த்து முப்பது வருடம் இருக்கும்.

இது பெர்சீட் எரிகல் மழை. ஸ்விஃப்ட்-டட்டில் என்ற வால்நட்சத்திரம் விட்டுப்போன தூசிக்குள் பூமி வருடாவருடம் ஆகஸ்டில் புகுந்து போகிறது. மணல் அளவுத் துகள், நொடிக்கு 59 கிலோமீட்டர் வேகத்தில் வந்து காற்றில் எரிகிறது. அந்த வால்நட்சத்திரம் கடைசியாக வந்தது 1992-இல், நீ பிறந்த வருடம். இனி 2126-இல்தான் வரும்.

கேமராவை வடகிழக்கே, கார்த்திகைக்கு வடக்கே திருப்பி வைத்தேன். 14 எம்எம் லென்ஸ், ஐஎஸ்ஓ 3200, படத்துக்கு 20 நொடி. ஒரு பெரிய நட்சத்திரத்தை வைத்து ஃபோகஸ் செய்து, வளையம் நகராமல் டேப் ஒட்டிவிட்டேன். டிரைபாடு ஆடாமல் இருக்க அதில் ஒரு பை கல் கட்டித் தொங்கவிட்டோம். விடியும்வரை 612 படம். எரிகல் விழுந்தது நான்கில்தான். மற்றதில் விமானமும் சாட்டிலைட்டும் கோடு போட்டிருக்கின்றன. எரிகல் கோடு இரண்டு முனையும் மெலிந்து, தொடங்கும் இடத்தில் பச்சையாக இருக்கும். பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

கண்ணால் எண்ணியது இருபத்து மூன்று. மூன்று மணிக்கு வந்த ஒன்றை மட்டும் என்னால் மறக்க முடியாது. கேமராவுக்கு முதுகுப் பக்கம், தலைக்கு மேலே கிழித்துக்கொண்டு மேற்கே போனது. பாறையில் எங்கள் நிழல் விழுந்தது. போன தடம் இரண்டு மூன்று நொடி புகைபோல நின்றது. நட்சத்திரம் விழுந்தால் பச்சை மரத்தைப் பார், இல்லாவிட்டால் மறதி வரும் என்று அப்பத்தா சொல்லுமே, அதை நினைத்துக்கொண்டே நான் கண்ணை எடுக்காமல் பார்த்தேன். கிழக்கே ரோகிணிப் பக்கம் செவ்வாயும் வியாழனும் ஒட்டிக்கொண்டு நின்றன.

உடனே உன்னைக் கூப்பிடத்தான் போனை எடுத்தேன். டொராண்டோவில் அப்போது மாலை ஐந்தரை, நல்ல வெயில். ராத்திரியாக இருந்திருந்தாலும் பயனில்லை. எரிகல் எரிவது நூறு கிலோமீட்டர் உயரத்தில், சில நூறு கிலோமீட்டர் சுற்றளவில் இருப்பவர்களுக்குத்தான் அது தெரியும். நிலாவை நீ அங்கிருந்தும் நான் இங்கிருந்தும் பார்க்கலாம். இதை அப்படிப் பார்க்க முடியாது, பக்கத்தில் இருக்க வேண்டும்.

அடுத்த வருடம் பௌர்ணமி முடிந்த கையோடு வருகிறது, நிலா கெடுத்துவிடும். 2026 ஆகஸ்ட் 12 ஆடி அமாவாசை. அன்று ராத்திரிதான் இதன் உச்சமும். ராத்திரி முழுக்க இருட்டு. லீவுக்கு இப்போதே சொல்லிவை, அம்மா. பகலில் ஐயாவுக்கும் அப்பத்தாவுக்கும் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு, நாலு மணிக்குக் கிளம்பினால் இருட்டுவதற்குள் அந்தப் பாறைக்கு ஏறிவிடலாம்.

அந்த நான்கு படங்களையும் தம்பி அனுப்புவான். அறையில் விளக்கை அணைத்துவிட்டுப் பார்.

அப்பச்சி