வான் ரீனன் லாரிக்காரருக்கு நன்றி

2024 செப்டம்பர் 20 இரவு, டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் போகும் வழியில் வான் ரீனன் கணவாய் அருகே பனியில் மாட்டிக்கொண்டோம். பின் சீட்டில் அம்மா. 2012 ஆகஸ்டில் ஜோகன்னஸ்பர்க்கில் பனி விழுந்தபோது வாசலில் நின்று ரசித்தவர். இப்போது பல் கிட்டிப்போய் உட்கார்ந்திருந்தார்.

முன்னால் நின்ற லாரியிலிருந்து ஒருவர் இறங்கி வந்தார். முதலில் எங்கள் காரின் புகைக்குழாயை மூடியிருந்த பனியைக் காலால் தள்ளிவிட்டார். அது அடைத்தால் விஷப்புகை உள்ளே வருமாம். ஹீட்டர் போட்டிருந்த எனக்கு அது தோன்றவே இல்லை. அப்புறம் அம்மாவை ஜூலு மொழியில் "கோகோ" (பாட்டி) என்று கூப்பிட்டு, பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்து, தன் கம்பளியைப் போர்த்திவிட்டார்.

பெயர் கேட்க மறந்தேன். அவருக்குத் தமிழும் தெரியாது. இருந்தாலும் நன்றி, அண்ணா. கம்பளியில் இன்னும் டீசல் வாசனை; அம்மா துவைக்க விடவில்லை.