கியர்பாக்ஸ் மாத்துனா மட்டும் போதாதுங்க, அந்த கேபிள கவனிங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல பழைய அமெரிக்க பிக்கப் வண்டிங்கள பத்தி வந்த கட்டுரைய ரெண்டு தடவ படிச்சேன், படமெல்லாம் அருமையா இருந்துச்சு. ஆனா பழைய மூணு கியர் ஆட்டோமேட்டிக்க கழட்டிட்டு ஓவர்டிரைவ் (வேகமா போகும்போது இஞ்சின் சுத்த குறைக்கற கியர்) இருக்குற நாலு கியர் பெட்டிய மாட்டிட்டா போதும், ஹைவேல சொகுசா போகலாம்னு ஒரு வரி இருந்துச்சு பாருங்க, அந்த "போதும்"க்காகத்தான் இத எழுதுறேன். அந்த வரிய நம்பி யாராவது கைய வெச்சுடக் கூடாது. எனக்குத் தெரிஞ்சே டெக்ஸாஸ்ல நம்ம பசங்க நாலு பேர் ஸ்கொயர் பாடி, அதாவது சதுர வடிவ பழைய மாடல் செவர்லே வாங்கி வெச்சிருக்காங்க, நாலு பேருமே இந்த மாத்தத்ததான் பேசிக்கிட்டு இருக்காங்க.

என்கிட்ட இருக்கறது 1976 செவர்லே கே10, ஃபோர் வீல் டிரைவ், 350 இஞ்சின், டர்போ 350ங்கற மூணு கியர் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். அந்த காலத்து வண்டிக்கு ஏன் மூணு கியரே போதுமா இருந்துச்சுன்னா, 1973 எண்ணெய் நெருக்கடிக்கு அப்புறம் 1974ல அமெரிக்கா முழுக்க 55 மைல்தான் உச்ச வேகம்னு சட்டம் போட்டுட்டாங்க, 1995லதான் அத முழுசா எடுத்தாங்க. என் வண்டிக்கு ஆக்சில் விகிதம் 3.73 (சக்கரம் ஒரு சுத்து சுத்த ஷாஃப்ட் 3.73 சுத்து சுத்தணும்), டயர் 31 இஞ்ச். 55ல போனா இஞ்சின் நிமிஷத்துக்கு கிட்டத்தட்ட 2200 சுத்து, அது ஒண்ணும் தப்பில்ல. ஆனா இன்னிக்கு இங்க ஹைவேல 70, 75னு போறாங்க, 70ல அது 2800ஐ தாண்டிடும், ஜன்னல ஏத்தி விட்டாலும் பக்கத்துல உக்காந்திருக்கறவங்க பேசறது கேக்காது, பெட்ரோல் முள்ளு கண்ணு முன்னாடியே இறங்கும். ஓவர்டிரைவ் இருக்குற நாலு கியர் பெட்டியான 700ஆர்4 போட்டா நாலாவது கியர் விகிதம் 0.70, அதே 70 மைல்ல 2000 சுத்துக்கு கிட்ட வந்துடும். முதல் கியரும் 2.52ல இருந்து 3.06 ஆகுது, அதனால மேடு பள்ளத்துல மெதுவா ஊர்ந்து போக இன்னும் பலம். ஆசைப்படறதுல தப்பே இல்லங்க, நானும் அதுக்குத்தான் ஆசைப்பட்டேன்.

டூ வீல் டிரைவ் வண்டியா இருந்தா வேலை கொஞ்சம் சுலபம். ஃபோர் வீல்ல கியர்பாக்ஸுக்கு பின்னாடி, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இழுவைய பிரிச்சுக் குடுக்குற ட்ரான்ஸ்ஃபர் கேஸ் இருக்கு, அதையும் சேத்துத்தான் யோசிக்கணும். என் வண்டில இருந்தது என்பி203, அது எப்பவும் நாலு சக்கரத்துக்கும் இழுவை குடுக்குற வகை. நான் ஒரு 1987 செவர்லே பிளேசர்ல இருந்து 700ஆர்4ஐயும் அதோட ஒட்டியிருந்த என்பி208 ட்ரான்ஸ்ஃபர் கேஸையும் ஜோடியா வாங்கினேன், ஜோடியா வாங்குறதுதான் புத்திசாலித்தனம், இல்லன்னா அடாப்டர் தேடியே காசு போயிடும். 208 வந்தா ரோட்டுல பின் சக்கரம் மட்டும் ஓடும், ஆனா அதோட முழு பலன் கிடைக்கணும்னா முன் சக்கரத்துல லாக்கிங் ஹப் (வேண்டாதப்ப முன் சக்கரத்த ஆக்சில்ல இருந்து பிரிச்சு விடற பூட்டு) மாட்டணும், 203 வண்டில அது கிடையாது. இன்னொண்ணு, 1988லருந்து வந்த புது மாடல் பிக்கப்ல முன் ஷாஃப்ட் வந்து சேர்ற டிஃபரன்ஷியல் டிரைவர் பக்கம் போயிடுச்சு, நம்ம பழைய வண்டில அது பயணி பக்கம். விலை மலிவா கிடைக்குதேன்னு அந்த ட்ரான்ஸ்ஃபர் கேஸ வாங்கிட்டா முன் ஷாஃப்ட் எங்க போய் சேரும்? பிளேசரும் சபர்பனும் 1991 வரைக்கும் பழைய பாடிலயே வந்ததால அதுல தேடினா கிடைக்கும். அப்புறம் கியர்பாக்ஸ தாங்குற கிராஸ்மெம்பர் இடம் மாறும், முன்னாடி பின்னாடி ரெண்டு ஷாஃப்ட்டும் நீளம் மாறும், வண்டி நாலு சக்கரத்துலயும் தரைல நிக்கும்போதுதான் அளக்கணும், ஜாக்கில தூக்கி வெச்சு அளந்தா அளவு தப்பும்.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரியற வேலை, செஞ்சிடலாம். கியர்பாக்ஸையே சாகடிக்கறது ஒரு சின்ன கேபிள்.

டர்போ 350ல ஒரு கேபிள் உண்டு, ஆக்சிலரேட்டர முழுசா மிதிக்கும்போது கியர குறைக்கறதுக்கு மட்டும். மத்த நேரத்துல ஷிஃப்ட்ட பாத்துக்கறது இஞ்சின் வேக்குவம் ஹோஸ்ல ஓடற மாடுலேட்டர்ங்கற சின்ன கருவி. அதனால அந்த கேபிள் சரியில்லன்னாலும் வண்டி ஓடும், பெருசா ஒண்ணும் ஆகாது. 700ஆர்4ல மாடுலேட்டரே கிடையாது. கார்ப்பரேட்டர்ல இருந்து போற டிவி (த்ராட்டில் வால்வு) கேபிள்தான் உள்ள ஆயில் பிரஷர் எவ்வளவு ஏறணும்னே சொல்லுது. கேபிள் தொளதொளன்னு இருந்தா நீங்க மிதிக்கற அளவுக்கு பிரஷர் ஏறாது, கிளட்ச் பிளேட் இறுக்கமா பிடிக்காம வழுக்கும், வழுக்கினா சூடு, சூடானா கருகும். மூணு நாலு கியருக்கான கிளட்ச்தான் முதல்ல போகும். பாக்க ரெண்டு கேபிளும் ஒண்ணு மாதிரியே இருக்கறதுதான் வினையே.

எனக்கு மாட்டிக் குடுத்த ஒர்க்‌ஷாப்காரர் பழைய கேபிள் மாதிரியே நெனச்சு ஏனோதானோன்னு மாட்டிட்டார். கன்வெர்ட்டர (இஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஆயில் மூலமா இணைக்கற பாகம்) வழுக்காம பூட்டற லாக்கப் ஒயர் வேண்டாம், அது இல்லாமலே ஓடும்னும் சொல்லிட்டார். பிளேசர்ல அத கம்ப்யூட்டர் பாத்துக்கிச்சு, என் கார்ப்பரேட்டர் வண்டில கம்ப்யூட்டர் ஏது, தனியா ஸ்விட்ச் வெச்சு ஒயர் இழுத்திருக்கணும். வண்டி என்னவோ வெண்ணெய் மாதிரி கியர் மாறுச்சு, நானும் சந்தோஷமா வீட்டுக்கு ஓட்டிட்டு வந்தேன். அந்த மிருதுவே பிரஷர் இல்லாததோட அடையாளம்னு அப்ப எனக்குத் தெரியல. பதினொண்ணாவது நாள் ஹைவேல நாலாவது கியர்ல போயிட்டு இருக்கும்போது வேகம் ஏறாம இஞ்சின் சத்தம் மட்டும் ஏறுச்சு, தீஞ்ச வாடை வந்துச்சு. வீட்ல கியர்பாக்ஸோட ஆயில் பேன கழட்டிப் பாத்தா செவப்பா இருக்க வேண்டிய ஆயில் காப்பி டிகாஷன் மாதிரி கருப்பு, அடில விரல வெச்சா கரி மாதிரி மசமசன்னு ஒட்டுது. ரெண்டாயிரம் டாலருக்கு மேல போச்சு. அந்த மனுஷன் கெட்டவர் இல்ல, பழைய பெட்டில நல்ல கைக்காரர், ஆனா இத சொல்லிக் குடுக்க அவருக்கு யாரும் இல்ல.

ரெண்டாவது தடவ என் பையனும் நானும் எங்க கராஜ்லயே மாட்டினோம். கன்வெர்ட்டர சுத்திக்கிட்டே உள்ள தள்ளும்போது "டொக்"குன்னு ஒண்ணு, கொஞ்சம் சுத்தினா இன்னொண்ணு, மூணாவதா பம்புல போய் உக்கார்ற ஒரு "டொக்" வரணும். அது வராமலே போல்ட்ட முறுக்கி இறுக்கினா பம்ப் உடைஞ்சிடும். மூணாவது சத்தம் வர்ற வரைக்கும் அரை மணி நேரம் ரெண்டு பேரும் பொறுமையா சுத்திக்கிட்டே இருந்தோம், வந்தப்ப பையன் முகத்த பாக்கணுமே. அப்புறம் கேபிள். இஞ்சின நிறுத்திட்டு, அட்ஜஸ்டர்ல இருக்குற பட்டன அமுக்கி ஸ்லைடர பின்னாடி முழுசா தள்ளி விட்டுட்டு, பையன உள்ள உக்கார வெச்சு ஆக்சிலரேட்டர தரை வரைக்கும் மெதுவா மிதிக்கச் சொன்னேன், கிடுகிடுன்னு பல் பல்லா நகந்து தானா நின்னுச்சு. என் கார்ப்பரேட்டர் வெளில வாங்கினது, அதுல லிவர் இழுக்குற கோணம் வேற, அதனால கோணத்த சரி பண்ற பிராக்கெட்டும் போட்டோம். கடைசில பிரஷர் கேஜ் மாட்டிப் பாத்தப்புறம்தான் கேட்ட தாண்டி வெளிய எடுத்தோம். ரேடியேட்டருக்கு முன்னாடி தனி ஆயில் கூலரும் வெச்சாச்சு. ட்ரெய்லர் இழுக்கும்போது நாலாவது கியர தொடறதே இல்ல, மூணுலதான் போறேன்.

இப்ப ரெண்டு வருஷம் ஆச்சு, டிப்ஸ்டிக்க எடுத்தா ஆயில் இன்னும் செவப்பாவே இருக்கு.

அடுத்த இணைப்புல ஒரு சின்ன பெட்டிச் செய்தியாவது போடுங்க ஐயா. ஆக்சிலரேட்டர் தரைல தொடும்போது டிவி கேபிள் முழுசா இழுபட்டு நிக்கணும், நிக்கலன்னா வண்டிய தெரு முனை வரைக்கும் கூட எடுக்காதீங்க, இது மட்டும் இருந்தா போதும். பையன் எடுத்த போட்டோ ரெண்டு இதோட வெச்சிருக்கேன். ஒண்ணு கருகிப்போன கிளட்ச் பிளேட், இன்னொண்ணு கார்ப்பரேட்டர் பக்கத்துல கேபிள் சரியா நிக்கிற இடம். ஒண்ணுக்குத்தான் இடம் இருக்குன்னா ரெண்டாவத போடுங்க.

இப்படிக்கு,
உங்க நீண்ட நாள் வாசகன்,
ஃபோர்ட் வொர்த், டெக்ஸாஸ்