சிம்ஸ் 4 மொட் பிழைகளைத் தேடிப் பிடித்தவர்களுக்குத் திருகோணமலையிலிருந்து ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

சிம்கள் எனப்படும் கற்பனை மனிதரின் வாழ்க்கையை நடத்தும் கொம்பியூட்டர் விளையாட்டான சிம்ஸ் 4இன் அடிப்படைப் பதிப்பு 2022 ஒக்டோபரில் இலவசமானது. இப்போது உவர்மலை, பாலையூற்று, நிலாவெளி, கிண்ணியா, மூதூர் என்று எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் கனபேர் அதை விளையாடுகிறார்கள். மொட் (விளையாட்டில் எதையாவது மாற்றவோ சேர்க்கவோ ரசிகர்கள் செய்து தரும் பைல்) போடாமல் விளையாடுபவர் அரிது. மொட் போட்டால் பிழை வரும். பெரிய அப்டேட் ஒன்று வந்தால் கட்டாயம் வரும். அந்த நேரங்களில் கைகொடுத்தவர்களுக்கு இந்த மடல். யாருக்கு, எதற்காக நன்றி என்பதை விபரமாகவே எழுதுகிறோம். அடுத்த அப்டேட்டில் வேறு யாருக்காவது அது உதவும்.

முதல் நன்றி, பெட்டர் எக்செப்ஷன்ஸ் மொட்டைச் செய்து தந்த ட்விஸ்டட்மெக்ஸிக்கு. பிழை நேர்ந்தால் விளையாட்டு தானாகவே லாஸ்ட் எக்செப்ஷன் என்ற பெயரில் ஒரு பைலை எழுதும். டொக்கியூமென்ட்ஸ் போல்டருக்குள் எலக்ட்ரோனிக் ஆர்ட்ஸ், அதற்குள் சிம்ஸ் 4 என்று போனால் அது கிடக்கும். ஆனால் வரி முடியும் இடமெல்லாம் 13, 10 என்ற எண் குறிகள் கலந்து, முழுவதும் ஒரே கட்டியாக இருக்கும் அந்த எழுத்தைப் புதியவர் ஒருவர் படித்து விளங்குவது லேசில்லை. பெட்டர் எக்செப்ஷன்ஸ் அதையே பிரித்து, உலாவியில் திறக்கக்கூடிய அறிக்கையாகத் தருகிறது. சந்தேகத்துக்குரிய மொட்டின் பெயரையும் சொல்கிறது. பிழை தேடுவதற்கு ஒரேயொரு உதவி மொட்தான் போடலாம் என்றால் எங்கள் தெரிவு இதுதான். விளையாட்டின் நடப்பில் அது கைவைப்பதில்லை என்பதே முதற்காரணம்.

டெடர்பூலின் எம்சி கமாண்ட் சென்டரும் பிழை அறிக்கை எழுதும், நன்றாகவே எழுதும். அவருக்கும் எங்கள் நன்றி. ஆனால் அது மக்கள்தொகை, திருமணம், கர்ப்பம் என்று பலதையும் மாற்றக்கூடிய பெரிய மொட். அந்த வசதிகள் தேவையென்றால் போடுங்கள். பிழை பார்ப்பதற்காக மட்டும் போடத் தேவையில்லை. இரண்டும் இருந்தால் ஒரே பிழைக்கு இரண்டு அறிவித்தல் வரலாம், அதைப் பார்த்து இரண்டு பிழை என்று பதறவும் வேண்டாம்.

உதவி மொட் சொல்வதை அப்படியே நம்பாமல் மூல எழுத்தையும் பார்க்கப் பழக்கிய அண்ணாமார், அக்காமாருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். கூச்சல் போட்டவனையே கள்ளன் என்று பிடிப்பதுபோல, பிழை வெளிப்பட்ட இடத்தில் நின்ற மொட்டின் மேல் பழி விழுவது உண்டு. அவர்கள் காட்டிய வழி இதுதான்: எந்த நிரல் எதை அழைத்தது என்று காட்டும் அழைப்பு வரிசையில் கடைசியாக நடந்தது கீழே இருக்கும், ஆகவே கீழிருந்து மேலே வாசியுங்கள். டி (T) டிரைவில் இன்கேம், கேம்ப்ளே, ஸ்கிரிப்ட்ஸ் என்று தொடங்கும் பாதைகள் விளையாட்டின் சொந்த நிரல். அப்படி இல்லாத பாதை கண்ணில் பட்டால் அது மொட்டினுடையது. பிறகு கடைசி வரியைப் பாருங்கள். ஒரு செயற்கூறு (நிரலின் ஒரு பகுதி) இரண்டு உள்ளீடுகளைத்தான் ஏற்கும், மூன்று கொடுக்கப்பட்டது என்ற மாதிரி இருந்தால் அநேகமாக அந்த மொட் பழையது. அப்டேட்டில் விளையாட்டின் நிரல் மாறியிருக்கிறது, மொட் இன்னும் பழைய முறையில் அழைக்கிறது. அதற்கு மருந்து மொட்டின் புதிய பதிப்பு. அது வரும்வரை மொட்டை வெளியே எடுத்து வைக்க வேண்டும். விளையாட்டைத் திரும்ப இன்ஸ்டோல் பண்ணி டேட்டாவை வீணாக்குவதில் பயனில்லை. உதவி மொட்டுக்கும் இதே விதிதான். அப்டேட் வந்ததும் முதலில் புதுப்பிக்க வேண்டியது பெட்டர் எக்செப்ஷன்ஸைத்தான், பழையதாகக் கிடந்தால் அதுவே பிழைக்குக் காரணமாகிவிடும்.

உதவி மொட் வாயே திறக்காத கோளாறுகளும் இருக்கின்றன. தலைமயிர் மறைந்து மொட்டையாகத் தெரிவது, உடுப்பு கிழிந்த மாதிரித் தெரிவது, உடம்பில் சிவப்பு வெள்ளைக் கேள்விக்குறி வருவது எல்லாம், உடுப்பு, தலைமயிர் போன்ற தோற்றங்களைக் கொண்டுவரும் பேக்கேஜ் பைல்களின் குறை. அங்கே நிரல் எதுவும் ஓடவில்லை, அதனால் பிழை அறிக்கையும் வராது. இதற்கு ட்ரே இம்போர்ட்டர் என்ற தனி மென்பொருளைக் காட்டித் தந்த தங்கச்சிக்கு நன்றி. குறையுள்ள குடும்பத்தை விளையாட்டின் லைப்ரரியில் சேமித்து, ட்ரே இம்போர்ட்டரில் திறந்தால், அந்தக் குடும்பம் பாவிக்கும் பேக்கேஜ் பைல்களின் பட்டியல் கிடைக்கும். ஆயிரத்தில் தேடுவதை இருபது முப்பதில் தேடலாம்.

அதுவும் பிடிபடாவிட்டால் பாதி பாதியாகப் பிரிக்கும் பழைய முறைதான். மொட்ஸ் போல்டரை டெஸ்க்டொப்புக்கு நகர்த்துங்கள். விளையாட்டைத் திறந்தால் வெற்றுப் போல்டர் ஒன்றைத் தானே உருவாக்கும். மொட் இல்லாமலும் கோளாறு தொடர்ந்தால் ஈஏ ஆப்பில் ரிப்பேர் கொடுத்துப் பாருங்கள். கோளாறு போய்விட்டால் பாதி மொட்களைத் திரும்பப் போட்டு, புதிய சேவ் ஒன்றில் சோதியுங்கள். 1000 பைல் இருந்தாலும், குற்றவாளி ஒன்றுதான் என்றால், 10 சுற்றில் அகப்படும். ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் லோக்கல்தம்ப்கேஷ் பைலை அழிக்க வேண்டும், இல்லாவிட்டால் பழைய தரவு கண்ணை ஏமாற்றும். சேர்ந்து இயங்கும் பைல்களைப் பிரித்து வைத்தாலும் சோதனை கெடும்: எம்சி கமாண்ட் சென்டரின் பைல்கள் எல்லாம் ஒரே போல்டரில் இருக்க வேண்டும். ஸ்கிரிப்ட் பைல்களை (நிரல் உள்ள மொட் பைல்களை) ஒரு போல்டருக்கு மேல் ஆழத்தில் வைத்தால் விளையாட்டு அவற்றை வாசிக்காது. ‘மொட் வேலை செய்யுதில்லை’ என்று வருகிற முறைப்பாடுகளில் கொஞ்சம் இதனால் வருவது. அப்டேட்டுக்குப் பிறகு மொட் அனுமதி தானாக நின்றுபோய்விடுவதும் இன்னொரு காரணம். அமைப்புகளில் அதர் என்ற பகுதியில் மொட் அனுமதிக்கான இரண்டு பெட்டிகளையும் சரியிட்டு, விளையாட்டை மூடித் திறக்க வேண்டும்.

மொட்கார்டுக்காக ட்விஸ்டட்மெக்ஸிக்கு இன்னொரு நன்றி. 2024 தொடக்கத்தில் சில ஸ்கிரிப்ட் மொட்களுக்குள் கடவுச்சொற்களைத் திருடும் நிரல் ஒளிந்து பரவியபோது வந்த காவல் அது. ஸ்கிரிப்ட் மொட் பாவிப்பவர் கட்டாயம் போடுங்கள், பிள்ளைகள் அப்பா அம்மாவின் வங்கிக் கணக்குத் திறக்கும் கொம்பியூட்டரில் விளையாடினால் இன்னும் கட்டாயம். வைரஸ் தடுப்பு மென்பொருளுக்கு அது மாற்றல்ல.

கரண்ட் போனதால் சேவ் கெட்டுப்போனவர்களுக்குக் கைகொடுத்தவர்களையும் மறக்கவில்லை. சேவ்ஸ் போல்டரில் ஒவ்வொரு சேவுக்கும் வெர்0 முதல் வெர்4 வரை முடியும் பழைய பிரதிகள் இருக்கும். வெர்0 என்ற வாலை வெட்டி, ஏற்கெனவே இல்லாத எண்ணொன்றைப் பெயரில் இட்டால் முந்திய சேவ் திரும்பி வரும் என்பதைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தீர்கள். மொட்களைப் பென்டிரைவில் பிரதி பண்ணித் தந்த கடைக்காரத் தம்பிமாருக்கும், நள்ளிரவு டேட்டாவில் புதிய பதிப்புகளை இறக்கிப் பகிர்ந்தவர்களுக்கும் நன்றி. ஒரு வேண்டுகோள்: பகிரும்போது பழைய பைலை அழித்துவிட்டுப் புதியதைப் போடச் சொல்லுங்கள். பெயர் சிறிது மாறியிருந்தால் இரண்டும் சேர்ந்து ஓடி, புதுப் பிழையைக் கிளப்பும்.

கடைசி நன்றி, திரையைப் போனில் படம் பிடித்து அனுப்பாமல் அறிக்கைப் பைலை முழுதாக அனுப்பியவர்களுக்கு. உங்களால்தான் விடை விரைவாகக் கிடைத்தது. இனி அனுப்புபவர்களும் அறிக்கைப் பைலோடு விளையாட்டின் பதிப்பு எண்ணையும், பிழை வந்த நேரம் சிம் என்ன செய்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
திருகோணமலையில் சிம்ஸ் 4 விளையாடும் நாங்கள்