கிணற்றை மறந்துவிடாதே, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

போன மாதம் மருத்துவமனை வராந்தாவில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். "அக்கா, இனிமேல் கிணற்றில் இறங்க முடியாதுதானே?" என்று கேட்டாய். நான் வாய் திறப்பதற்குள் உன்னை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். பதில் சொல்லாமல் வந்தது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

இறங்கலாம். எனக்கு இலியோஸ்டமி, அதாவது சிறுகுடலின் முனையை வயிற்றின் வழியாக வெளியே கொண்டுவந்து, கழிவை வயிற்றில் ஒட்டிய பையில் சேர்க்கும் ஆபரேஷன், செய்து ஐந்து வருடம் ஆகிறது. அதில் நான்கு வருடமாக நீந்துகிறேன்.

முதல் வருடம் குளிக்கவே பயந்தேன். ஸ்டோமா என்கிற அந்தக் குடல் வாய் வழியாகத் தண்ணீர் வயிற்றுக்குள் போய்விடுமோ என்று கையால் பொத்திக்கொண்டு நிற்பேன். அப்படிப் போகாது. குடல் எப்போதும் உள்ளிருப்பதை வெளியே தள்ளிக்கொண்டேதான் இருக்கிறது. நீச்சல் குளத்துக் குளோரினும் கடல் உப்பும்கூட ஸ்டோமாவைக் கெடுப்பதில்லை.

அந்தப் பயம் போனது எங்கள் வீட்டுத் தொழுவத்தில். மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும் சிமெண்டுத் தொட்டியை அம்மா தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பிக் கொடுத்தார். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எழுந்து துடைத்துவிட்டு, பையைப் பிடித்துக்கொள்ள வயிற்றில் ஒட்டியிருந்த பிளேட்டைச் சுற்றி டிஷ்யூ தாளை வைத்து அழுத்திப் பார்த்தேன். பிளேட்டின் ஓரம் ஊறிய அப்பளம் போல வெளுத்து மெத்தென்று ஆகியிருந்தது. ஆனால் எங்கும் கிளம்பவில்லை. தாளில் ஒரு கறைகூட இல்லை. அம்மா அந்தத் தாளைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. நீயும் முதலில் வீட்டில் இப்படிச் சோதித்துப் பார்.

நீந்தப் போகும் நேரத்தில் புது பிளேட் ஒட்டாதே. உடம்புச் சூட்டில் பசை நன்றாகப் பிடிக்க நேரம் வேண்டும். நான் முந்தின இரவே ஒட்டிவிடுவேன். ஒட்டும் இடத்தில் தேங்காய் எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இருக்கக் கூடாது. இறங்குமுன் பையைக் காலி செய். பையின் மேற்புறம் காற்றுப் போகும் சிறு துளை இருந்தால், பெட்டியோடு வரும் குட்டி ஸ்டிக்கரால் மூடு. நனைந்தால் உள்ளிருக்கும் வடிகட்டி வேலை செய்யாது. கரையேறியதும் ஸ்டிக்கரை எடுக்க மறக்காதே, பை பலூன் போல உப்பிவிடும். எனக்குக் கழிவு நீர்த்துத்தான் வரும், அதனால் சாப்பிட்டவுடன் தண்ணீரில் இறங்குவதில்லை. உன்னுடையது கொலஸ்டமி, பெருங்குடலை வெளியே கொண்டுவந்தது, பெரும்பாலும் கெட்டியாக வரும். எந்த நேரத்தில் வருகிறது என்று கவனித்துக்கொண்டால் உனக்கு இன்னும் சுலபம்.

கிணற்றைப் பற்றி மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்கிறேன். காயமெல்லாம் முழுவதும் ஆறி, டாக்டர் சரி என்று சொன்ன பிறகே இறங்க வேண்டும். பின்புறம் தையல் போட்டிருந்தால் அது ஆற இன்னும் நாளாகும். பாசி பிடித்துக் கலங்கிய தண்ணீர் வேண்டாம். மேலிருந்து குதிக்காதே, படி வழியாக இறங்கு. ஸ்டோமாவைச் சுற்றிய தசை பலவீனமானது, அந்த இடத்தில் அடி படக் கூடாது. குற்றாலம் போனாலும் அருவியை முதுகில் வாங்கிக்கொள், வயிற்றில் வாங்காதே.

அடுத்தவர் பார்வைதான் உனக்குப் பெரிய பயம் என்று தெரியும். இடுப்புக்கு மேல் ஏறும் டவுசரும் இறுக்கமான அடர்நிற பனியனும் போதும். வெளிர் நிறம் நனைந்தால் பை தெரியும். ஒரு நீச்சல் குளத்தில் காவலாளி என்னை நிறுத்தி, "இது தொற்று நோயா?" என்று கேட்டார். எனக்குக் கை நடுங்கியது. ஆனாலும், "குடலில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, யாருக்கும் தொற்றாது, பை மூடியிருக்கிறது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். அடுத்த முறை அவரே கதவைத் திறந்துவிட்டார்.

பிளேட் ஓரத்தில் கூடுதலாக ஒட்டும் பிறை வடிவப் பட்டைகள் என்னிடம் இருக்கின்றன. அடுத்த புதன்கிழமை மறுபரிசோதனைக்கு வரும்போது நான்கைக் கொண்டு வருகிறேன். அதே பெஞ்சில் இருப்பேன்.

அன்புடன்,
அக்கா