படத்தில் இருப்பது பிளாக் ஃபைவ்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரிட்டனின் நீராவி ரயில்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 1938 ஜூலை 3 அன்று மல்லார்டு எஞ்சின் மணிக்கு 126 மைல் வேகத்தைத் தொட்டதும் ஃபிளையிங் ஸ்காட்ஸ்மன் எஞ்சினின் புகழும் நன்றாகவே சொல்லப்பட்டிருந்தன. ஆனால் நடுப்பக்கத்தில், ஸ்காட்லாந்தின் கிளென்ஃபினன் பாலத்தின்மேல் போகும் கறுப்பு எஞ்சினின் படத்துக்குக் கீழே ‘எக்ஸ்பிரஸ் எஞ்சின்’ என்று அச்சாகியிருக்கிறது. அது பிளாக் ஃபைவ். கூட்ஸ் வண்டி, பயணிகள் வண்டி இரண்டையும் இழுப்பதற்கென்றே கட்டப்பட்ட ‘மிக்ஸட் டிராஃபிக்’ எஞ்சின். கட்டுரையாளர் இந்த வகையைச் ‘சாதாரண எஞ்சின்கள்’ என்று ஒரே வரியில் தாண்டிப் போகிறார். நீராவி ரயில்மேல் பித்துக்கொண்ட எத்தனையோ பேரின் மனம் குடியிருப்பது அந்த ஒரு வரியில்தான் என்பதால் இதை எழுதுகிறேன்.

வேகமாக ஓட வேண்டிய எஞ்சினுக்குப் பெரிய சக்கரம், பாரம் இழுக்க வேண்டியதற்குச் சிறிய சக்கரம் என்பதே பழைய கணக்கு. மல்லார்டின் இயக்குசக்கரத்தின் விட்டம் 6 அடி 8 அங்குலம். அத்தனை பெரிய சக்கரத்தோடு கனமான கூட்ஸ் வண்டியை நின்ற இடத்திலிருந்து கிளப்புவது பெரும்பாடு. சிறு சக்கரத்தோடு வேகம் போனாலோ பிஸ்டன் தாறுமாறாக அடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். இரண்டுக்கும் நடுவில் 6 அடி சக்கரம் வைத்தால் இரண்டிலும் அரைகுறையாகத்தான் இருக்கும் என்றே நெடுநாள் நினைத்தார்கள். நீராவிக்கு வழிவிடும் வால்வு நகரும் தூரத்தைக் கூட்டி, நீராவி சிலிண்டருக்குள் தாராளமாக நுழைந்து தாராளமாக வெளியேற வழி செய்த பிறகு அந்த எண்ணம் மாறியது. சின்னச் சக்கரமும் மூச்சுத் திணறாமல் ஓடியது. கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் ஸ்விண்டன் பட்டறையில் அந்த வித்தையைக் கற்ற வில்லியம் ஸ்டேனியர், 1932-ல் எல்.எம்.எஸ். (லண்டன் மிட்லண்ட் அண்டு ஸ்காட்டிஷ்) ரயில்வேக்குத் தலைமைப் பொறியாளராக வந்தார். அவர் வடிவமைத்ததுதான் பிளாக் ஃபைவ். கறுப்பு வண்ணம், ஐந்தாம் ஆற்றல் வகுப்பு, பெயர்க்காரணம் அவ்வளவே.

1934 முதல் 1951 வரை 842 எஞ்சின்கள் கட்டினார்கள். அவற்றுள் பெயர் சூட்டப்பட்டவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. மற்றதெல்லாம் வெறும் எண். நிலக்கரி, பார்சல், மீன், கால்பந்து ரசிகர்களின் சிறப்பு வண்டி, அவசரத்துக்கு எக்ஸ்பிரஸ் என்று எதைக் கொடுத்தாலும் இழுத்தன. 1968 ஆகஸ்ட் 11 அன்று பிரிட்டிஷ் ரயில்வே தன் பிரதானப் பாதைகளில் நீராவிக்கு விடைகொடுத்த சிறப்பு வண்டி, பதினைந்து கினி (பழைய பிரிட்டிஷ் பணக் கணக்கு) கட்டணம் வாங்கிய அந்தப் பிரபலமான வண்டி, நான்கு எஞ்சின்கள் மாறிமாறி இழுக்க ஓடியது. நான்கில் மூன்று பிளாக் ஃபைவ். கடைசி நாள்வரை வேலை பார்த்த வகை என்பதாலும் 18 எஞ்சின்கள் உடைபடாமல் தப்பின.

மிக்ஸட் டிராஃபிக் எஞ்சினை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஹாரி பாட்டர் படங்களில் பள்ளிக்குப் போகும் சிவப்பு எஞ்சின், 1937-ல் ஸ்விண்டனில் கட்டிய ஓல்டன் ஹால். கிரேட் வெஸ்டர்னின் ‘ஹால்’ வகை, அதுவும் இதே இனம். 1963-ல் பணியிலிருந்து நீக்கப்பட்டு வேல்ஸில் பாரி என்ற ஊரின் பழைய இரும்புக் கிடங்கில் பல வருடம் துருப்பிடித்துக் கிடந்ததை, 1981-ல் ஆர்வலர்கள் மீட்டார்கள். அந்தக் கிடங்கிலிருந்து மட்டும் 213 எஞ்சின்கள் இப்படிக் காப்பாற்றப்பட்டன. சம்பளத்தில் மிச்சம் பிடித்தவர்களும் வார விடுமுறையைக் கொடுத்தவர்களும் சேர்ந்து செய்த வேலை அது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

மகள் கிளாஸ்கோவில் வேலை பார்த்த காலத்தில் ஃபோர்ட் வில்லியத்திலிருந்து மல்லெய்க் வரை, பிளாக் ஃபைவ் இழுத்த நீராவி ரயிலில் போனேன். கிளென்ஃபினன் பாலத்தின் 21 வளைவுகளையும் கடக்கும்போது பெட்டியே ஜன்னல் பக்கம் சாய்ந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த முதியவர் மட்டும் பாலத்தைப் பார்க்கவில்லை. கண்ணை மூடி எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். பேச்சுக்கொடுத்தேன். சிறுவயதில் அவர் ஊர் நிலையத்தில் பெயர்பெற்ற எஞ்சின்கள் எப்போதாவதுதான் நிற்குமாம். பள்ளி விட்டு வரும்போது தினமும் நிற்பது பிளாக் ஃபைவ். டிரைவர் ஒருவர் ஒருநாள் மேலே ஏற்றிக்கொண்டு, கரி அள்ளிப் போடும் மண்வெட்டியைக் கையில் கொடுத்தாராம். அந்த எஞ்சினின் எண்ணை அவர் இன்னும் மறக்கவில்லை.

அவர் கேட்ட சத்தம் எனக்கும் தெரிந்த சத்தம். மல்லார்டுக்கும் ஃபிளையிங் ஸ்காட்ஸ்மனுக்கும் மூன்று சிலிண்டர். சக்கரம் ஒருமுறை சுற்றினால் ஆறு முறை ‘சுக்’ என்ற சத்தம் கேட்கும். பிளாக் ஃபைவுக்கு இரண்டு சிலிண்டர், நான்கு சத்தம். மீட்டர் கேஜில் என் அப்பா ஃபயர்மேனாக இருந்த ஒய்.ஜி. எஞ்சினுக்கும் அதே நான்கு சத்தம்தான். ஏற்றத்தில் பிளாக் ஃபைவ் நிதானமாக இழுத்தபோது, ஸ்காட்லாந்தின் மழையில், அப்பாவின் சாப்பாட்டுத் தூக்கோடு லோகோ ஷெட் வாசலில் நின்றதுதான் நினைவுக்கு வந்தது.

நம் ரயில்வேயில் சுதந்திரத்துக்குப் பின் வந்த பெரிய மீட்டர் கேஜ் நீராவி எஞ்சின்களைப் பயணிகளுக்கு ஒய்.பி., சரக்குக்கு ஒய்.ஜி. என்று எழுத்திலேயே பிரித்துவைத்தார்கள். முன்னதற்கு நாலரை அடிச் சக்கரம், பின்னதற்கு நாலடி. நடைமுறையில் ஒய்.ஜி. இழுத்த பாசஞ்சர் வண்டிகளில் நான் எத்தனையோ முறை போயிருக்கிறேன். டீசல் வந்ததும் அந்தப் பிரிவினை தாளிலும் தளர்ந்தது. டபிள்யூ.டி.எம்-2, ஒய்.டி.எம்-4 என்ற டீசல் எஞ்சின்களின் பெயர்களில் வரும் ‘எம்’ என்ற எழுத்துக்குப் பொருள் ‘மிக்ஸட்’. ஸ்டேனியர் 1934-ல் செய்துகாட்டியதுபோல, எந்த வண்டிக்கும் ஒரே எஞ்சின் என்ற ஏற்பாடு நம் தண்டவாளத்திலும் ஓடியது. கட்டுரையாளர் இதை ஒரு பத்தியாவது எழுதியிருக்கலாம்.

அடுத்த பகுதி இந்திய நீராவி எஞ்சின்களைப் பற்றியது என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் ஒய்.ஜி.யைக் கூட்ஸ் எஞ்சின் என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கிளென்ஃபினன் படத்துக்கான திருத்தத்தையும் அதே இதழில் வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்,
பொன்மலை, திருச்சி