கையெழுத்துக்குக் கீழே ஓர் இலக்கம்

கண் பராமரிப்புத் தொழில்களின் பதிவைக் கையாளும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஒப்டோமெட்ரிஸ்டாக, அதாவது பார்வையை அளந்து கண்ணாடிக்குப் பவர் எழுதுபவளாக, என்னைப் பதிவு செய்யச் சொல்லிக் கேட்ட கோப்பு உங்கள் மேசையில் இருக்கிறது. ஆகவே நான் யார், சென்னையில் நான்கு வருடம் என்ன படித்தேன் என்பதையெல்லாம் திரும்ப எழுதவில்லை. கடைசியாக வந்தபோதும் "பரிசீலனையில் இருக்கு, தங்கச்சி" என்றுதான் சொன்னீர்கள். அது மூன்றாவது தடவை. சரி என்று திரும்பிவிட்டேன். போன மாதம் நடந்ததற்குப் பிறகு சரி என்று சொல்ல வாய் வரவில்லை.

கொழும்பு வெள்ளவத்தையில் நான் வேலை செய்யும் கண்ணாடிக் கடைக்கு ஓர் அப்பா தன் மகளைக் கூட்டி வந்தார். கொட்டாஞ்சேனையில் ஓட்டோ ஓட்டுபவர். பிள்ளைக்கு ஆறு வயது. வேறொரு கடையில் 'கம்பியூட்டர் செக்கிங்' செய்து கண்ணாடி கொடுத்திருக்கிறார்கள். பிள்ளை அதைப் போடமாட்டேன் என்று அடம்பிடிக்கிறாள். மெஷின் கொடுத்த சிட்டையை வாங்கிப் பார்த்தேன். இடக்கண்ணுக்கு மூன்று தடவையும் மூன்று எண். எதை நம்புவது என்று தெரியாமலோ என்னவோ, வலக்கண்ணின் பவரையே இரண்டுக்கும் போட்டுவிட்டார்கள்.

வலக்கண்ணைப் பொத்திவிட்டு வாசிக்கச் சொன்னேன். மேலே இருக்கும் பெரிய எழுத்தைத் தாண்ட அவளால் முடியவில்லை. கண்ணுக்குள் வெளிச்சம் காட்டிக் கையால் பவர் அளக்கும் ரெட்டினோஸ்கோப்பில் பார்த்தால் இடக்கண் பிளஸ் நாலுக்கு மேல். சின்னப் பிள்ளைகளின் கண் வில்லை சும்மா இருக்காது. பார்க்கும் பொருளுக்கு ஏற்றபடி இறுகித் தளரும், மெஷினும் அதோடு சேர்ந்து ஏமாறும். இப்படி ஒரு கண்ணில் மட்டும் பவர் கூடியிருந்தால் மூளை அந்தக் கண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டுவிடும். அதுதான் சோம்பல் கண். இந்த வயதில் பிடித்தால் சரியான கண்ணாடியாலும், நல்ல கண்ணை நாளுக்குச் சில மணி நேரம் மறைத்து வைப்பதாலும் பெரும்பாலும் மீட்கலாம். வயது போகப் போகக் கஷ்டம்.

மருந்துத் துளி விட்டு மறுபடி அளக்க வேண்டும், உள்ளேயும் பார்க்க வேண்டும். அது கண் வைத்தியரின் வேலை. அதை என்னிடம் தாருங்கள் என்று நான் கேட்கவில்லை. அளவுகளையெல்லாம் எழுதி, கடிதம் கொடுத்து அனுப்பினேன். போன இடத்தில் கவுண்டரில் இருந்தவர் கடிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கையெழுத்துக்குக் கீழே நம்பர் இல்லையே, இது கடைத் துண்டுதானே" என்று திருப்பிவிட்டாராம். ஒரு நாள் ஓட்டோ ஹயரும் வீணாகி, அந்த அப்பா பின்னேரம் என்னிடம் வந்தார். "மிஸ், நீங்க உண்மையாவே இதைப் படிச்சவங்கதானே?" என்று கேட்டார்.

அவர் கேட்டதில் பிழை இல்லை. என் சம்பளத் துண்டிலும் 'விற்பனை உதவியாளர்' என்றுதான் இருக்கிறது. மாதம் எத்தனை ஃபிரேம் விற்றேன் என்று கேட்பார்கள். எத்தனை கண் பார்த்தேன் என்று யாரும் கேட்பதில்லை.

நான் கேட்பது ஒன்றுதான்: கையெழுத்துக்குக் கீழே எழுத ஓர் இலக்கம்.

பிரித்தானியாவில் 1958இல் சட்டம் போட்டு இந்தத் தொழிலுக்கென்று ஒரு சபையே அமைத்தார்கள். நான் படித்த இந்தியாவிலும் 2021இல் வந்த சட்டத்தில் ஒப்டோமெட்ரி இருக்கிறது. வளைகுடாப் பக்கம் போகலாம் என்றால், சொந்த நாட்டுப் பதிவிலிருந்து நன்னிலைச் சான்றிதழ், அதாவது தொழிலில் குற்றம் குறை இல்லை என்ற கடிதம், கொண்டுவா என்கிறார்கள். பதிவே இல்லாதவளுக்கு நன்னிலை எது, கெட்ட நிலை எது? ஏ.எல். முடித்த பிள்ளைகள் "அக்கா, இதைப் படிக்கலாமா?" என்று கேட்கும்போது நான் பேச்சை மாற்றிவிடுகிறேன்.

ஹட்சன் சில்வா ஐயா 1961இல் கண்தானச் சங்கம் தொடங்கி, 1964இல் இலங்கையிலிருந்து சிங்கப்பூருக்குக் கண் அனுப்பினார். கண்ணையே கடல் தாண்டி அனுப்பிய ஊரில், ஒரு கோப்பு ஒரு மேசையிலிருந்து பக்கத்து மேசைக்குப் போக இத்தனை காலம். ஃபிரேம் வாங்கினால் பரிசோதனை இலவசம் என்று கொழும்பு காலி வீதியில் பேனர் கட்டலாம். பொத்தானை அமத்தத் தெரிந்தால் போதும். மெஷினிடம் யாரும் பதிவு இலக்கம் கேட்கப் போவதில்லை.

மன்னிக்க வேண்டும், குரல் உயர்ந்துவிட்டது. உங்களுக்கும் ஆள் பற்றாக்குறை இருக்கும் என்று தெரியும். என் படிப்பில் குறை இருந்தால் எது குறை என்று எழுத்தில் தாருங்கள். பரீட்சை வைத்தால் எழுதுகிறேன், செய்முறைப் பரீட்சை என்றால் இன்னும் சந்தோஷம். இல்லையென்றால் தயவுசெய்து அந்த இலக்கத்தைத் தாருங்கள்.

அந்தப் பிள்ளைக்குக் கண் வைத்தியரைப் பார்க்க ஐந்து வாரம் தள்ளித் தவணை கிடைத்திருக்கிறது. அன்றைக்குக் கொண்டுபோக இன்னொரு கடிதம் எழுதித் தரச் சொல்லி அப்பா கேட்டிருக்கிறார். கீழே கொஞ்சம் இடம் விட்டு எழுதி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஓர் ஒப்டோமெட்ரிஸ்ட்
(சம்பளத் துண்டின்படி: விற்பனை உதவியாளர்)